தொட்டில் கட்டும் அறை



ஓர் இல்லத்தில் மகப்பேறு நெருங்கிவிட்டது என்றால் அவ்வில்லத்தாரின் கைகள் சும்மா இருப்பதில்லை. சுவருக்கு வண்ணம் பூச ஆள் தேடுவார் ஒருவர். புதுக் கட்டில் வாங்கி வருவார் மற்றொருவர். பரண்மேல் இருக்கும் பெட்டியை இறக்கச் சொல்லிப் பழைய பருத்திப் புடைவைகளைத் தேடி எடுப்பார் பாட்டி. இவை யாவும் அன்பின் செயல்களே. எனினும், அன்பினால் செய்யப்படுவன எல்லாம் குழந்தைக்கு நன்மை பயப்பன அல்ல என்பதை எம் இல்லத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியால் நாம் கற்றுக்கொண்டோம். அக்கல்வியைப் பிற குடும்பத்தினர் துன்பப்படாமலே பெறவேண்டும் என்னும் கருத்தினால் இப்பாடத்தை எழுதுகிறோம்.

எம் இல்லத்தில் நேர்ந்தது

2003ஆம் ஆண்டு மார்கழித் திங்களில் எம் மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது, ஆண் மகவு. மூன்றாம் நாள் தாயும் சேயும் மருத்துவமனையிலிருந்து எம் இல்லத்துக்கு வந்து சேர்ந்தனர். தூளி கட்டுவதற்காக டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அதில் இருந்தவை எம் மாமியார் உடுத்திய நூற்புடைவைகள். நைந்து நைந்து பட்டினும் மென்மையாகிவிட்டவை. பூச்சி அரித்துவிடுமோ என்று அஞ்சிப் பல ஆண்டுகளாகப் பாச்சை உருண்டைகளை இட்டு வைத்திருந்தோம். ஒரு புடைவையை இருமுறை உதறி விட்டத்தில் தூளி கட்டினோம்; மற்றொன்றைக் கிழித்து அணையாடைகள் ஆக்கினோம். எண்ணெய் தேய்த்து நீராட்டிய குழந்தையை அத்தூளியிலேயே கிடத்தினோம். "அறை நல்ல வாசனையாக இருக்கிறதே" என்று பார்க்க வந்த உறவினர் ஒருவர் கூறியது இன்றும் நினைவில் இருக்கிறது.

ஆறாம் நாள் குழந்தையின் கண்கள் மஞ்சளாயின. ஏழாம் நாள் பால் குடிக்க மறுத்தது. சிறுநீர் கடுந்தேநீரின் நிறத்தில் இறங்கிற்று. உடனே நகரத்து மருத்துவமனைக்கு விரைந்தோம். இரத்தத்தைச் சோதித்த மருத்துவர், குழந்தையைச் சுற்றியிருந்த துணியை எடுத்து முகர்ந்து பார்த்தார். "அம்மா, இந்தத் துணியை எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிறகு நிகழ்ந்தவற்றை விரித்துரைக்க விரும்பவில்லை. நீல ஒளியின்கீழ் குழந்தையைக் கிடத்தினர். அதுவும் போதாமல் அதன் இரத்தத்தை மாற்றிப் புது இரத்தம் ஏற்றினர். நான்கு நாள்களுக்குப் பிறகே குழந்தை எம் கைக்கு வந்தது.

அந்நாளில் நாம் ஆசிரியப் பணியில் இருந்தோம். திடப்பொருள் நீர்மமாகாமல் நேரே ஆவியாவதற்குப் 'பதங்கமாதல்' என்று பெயர் எனவும், அதற்குக் கற்பூரமும் பாச்சை உருண்டையும் எடுத்துக்காட்டுகள் எனவும் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் கற்பித்து வந்தோம். பெட்டியில் இட்ட உருண்டை நாளடைவில் சிறுத்துக் காணாமற் போகிறதே, அது எங்கே போயிற்று என்று மாணவர்களைக் கேட்போம். "காற்றில் கலந்தது" என்று அவர்கள் விடை கூறுவர், மதிப்பெண் இடுவோம். அக்காற்றையே எம் பேரன் சுவாசிப்பான் என்று மட்டும் எமக்குத் தோன்றவில்லை. வகுப்பறையில் தெரிந்தது வீட்டில் தெரியாமற் போயிற்று.

அப்பேரன் இன்று நலமாக வளர்ந்து கல்லூரிப் படிப்பையும் முடித்துவிட்டான். அவனுடைய அக்காள், அவனை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றபோது நான்கு வயதுச் சிறுமியாய் வாயிலில் நின்று அழுதவள், இப்பொழுது எட்டாம் மாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்கு எம் இல்லத்துக்கு வருகிறாள். "பாட்டி, அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள்" என்பதே அவள் தொலைபேசியில் கூறிய முதற் சொல். அவளுக்கென ஓர் அறையை அமைக்கும் பொறுப்பு நம்முடையதாயிற்று. அவ்வறையை அமைத்த முறையையே இங்குப் பாடமாகத் தருகிறோம்.

பச்சிளங்குழந்தையின் இயல்பு

முதலில், பெரியவர்களுக்குத் தீங்கு செய்யாத ஒரு பொருள் குழந்தைக்கு ஏன் தீங்கு செய்கிறது என்பதை உணர்தல் வேண்டும்.

பெரியவர் ஒருவர் ஓய்வாக இருக்கையில் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். பிறந்த குழந்தையோ 40 முதல் 60 முறை மூச்சு விடுகிறது. எடையோடு ஒப்பிட்டால் நம்மைக் காட்டிலும் மிகுதியான காற்றை அது உள்வாங்குகிறது. அதன் தோல் மெல்லியது. எண்ணெய் பூசிய தோல் சில நச்சுகளை இன்னும் எளிதாக உள்ளே விடுகிறது. நச்சை முறித்து வெளியேற்றவேண்டிய கல்லீரல் இன்னும் முழு வலிமை பெறவில்லை. நாளில் 16 மணி நேரம் அளவுக்கு உறங்கும் அக்குழந்தைக்கு அந்த ஓர் அறையே உலகம். மூச்சு முட்டினாலும் எழுந்து வெளியே செல்ல அதனால் இயலாது. இன்னது செய்கிறது என்று சொல்லவும் இயலாது.

இனி எம் பேரனுக்கு நேர்ந்ததன் காரணத்தைக் காண்போம். பாச்சை உருண்டை, அந்துருண்டை, ரசகற்பூரம் எனப் பலவாறு வழங்கப்படும் உருண்டைகள் பெரும்பாலும் நாப்தலீன் என்னும் வேதிப்பொருளால் ஆனவை. இரத்தத்தின் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதிக்கு 'ஜி6பிடி' என்று சுருக்கப் பெயர். சிலருக்குப் பிறவியிலேயே இந்நொதி குறைவாக இருக்கும். அத்தகைய குழந்தை நாப்தலீன் ஆவியைச் சுவாசித்தால் சிவப்பணுக்கள் உடைந்து சிதறுகின்றன. உடைந்த அணுக்களிலிருந்து பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் பெருகுகிறது. இளங்கல்லீரலால் அதனை வெளியேற்ற இயலவில்லை. அளவு மீறினால் அது மூளையைத் தாக்கி நிலையான ஊனத்தையும் உண்டாக்கக்கூடும். இந்நொதிக் குறை இல்லாத பச்சிளங்குழந்தைக்கும் இவ்வாவி நல்லதன்று.

இக்குறை பெரும்பாலும் தாய்வழியே ஆண் குழந்தைகளிடம் வெளிப்படுவது. தாய் தானறியாமல் அதனைத் தாங்கியிருப்பாள். அவளுடைய மகன்களுக்கு அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு உண்டு. மகள்களும் சரிபாதி வாய்ப்பில் அதனைத் தாங்கியிருக்கலாம். எனவேதான் எம் பேத்தியின் அறைக்கு இத்தனை கவனம் செலுத்தினோம். தம் குடும்பத்தில் எவருக்கேனும் இக்குறை இருப்பது தெரிந்தால் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடவேண்டும். ஓர் எளிய இரத்தச் சோதனையால் இதனை அறியலாம்.

சுவர்

புது வண்ணத்தின் வாசனை பலருக்கு விருப்பமானது. அவ்வாசனை, வண்ணத்தில் கலந்துள்ள கரைப்பான்கள் ஆவியாகிக் காற்றில் கலப்பதன் அடையாளம். ஆதலால் வண்ணம் பூசுவதாயின் பிரசவத்துக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே முடித்து, பகல் முழுதும் சன்னல்களைத் திறந்து வைக்கவேண்டும். கர்ப்பிணிப் பெண் அவ்வேலை நடக்கும் இடத்தில் இருத்தல் கூடாது.

பழைய எண்ணெய் வண்ணம் பூசிய சுவர், கதவு, சன்னல் ஆகியவற்றில் மற்றோர் இடர் உண்டு. வீட்டு வண்ணங்களில் காரீயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்று நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு விதி இயற்றப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்ணங்களில் காரீயம் மிகுந்திருக்கக்கூடும். அது வாசனையால் அறியப்படுவதன்று. தவழும் குழந்தையின் கையில் ஒட்டும் தூசியின் வழியே உடலுட் சென்று மூளை வளர்ச்சியைக் குறைப்பது. ஆகவே பழைய வண்ணத்தை உப்புத்தாள் கொண்டு உலர்வாகத் தேய்த்தல் கூடாது. தேய்த்தால் வீடெங்கும் நச்சுத் தூசி பரவும். வண்ணம் பெயராமல் உறுதியாக இருந்தால் ஈரத்துணியால் துடைத்து அப்படியே விட்டுவிடுவது நன்று. பெயர்ந்து உதிருமாயின், கர்ப்பிணியும் குழந்தைகளும் வீட்டில் இல்லாத காலத்தில் நனைத்துச் சுரண்டி, தூசியை ஈரத்துணியால் எடுத்துவிடவேண்டும்.

எம் இல்லத்து அறைக்குப் பழைய முறைப்படி சுண்ணாம்பே அடித்தோம். கல்சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, பிடிப்புக்காகச் சிறிது கோந்தும் வெண்மைக்காகச் சிறிது நீலமும் கலந்து பூசச் செய்தோம். பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகிறது. அதிலிருந்து நச்சாவி எழுவதில்லை. முன்னாளில் சிலர் பிடிப்புக்கு விலங்குத் தோலில் காய்ச்சிய வச்சிரத்தைக் கலந்தனர். நமக்கு அது வேண்டா, கோந்தே போதும். ஈரச் சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் புண்ணாக்கும் என்பதால் அவ்வேலையைக் கர்ப்பிணியிடமிருந்து விலக்குக. எண்ணெய் வண்ணமோ பிளாஸ்டிக் வண்ணமோ பூசிய சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

கட்டிலும் அலமாரியும்

புதிதாக வாங்கும் ஒட்டுப்பலகைச் சாமான்களும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகைச் சாமான்களும் ஒருவிதப் பசையால் இணைக்கப்படுகின்றன. அப்பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்னும் வாயு மெல்ல மெல்லக் கசிகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004ஆம் ஆண்டில் இதனை மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிப்பது என வகைப்படுத்திற்று. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்தால் இக்கசிவும் மிகும். நம் தமிழ்நாட்டுக் கோடையில் இரண்டும் மிகுதியே. புதுச் சாமான்களில் கசிவு அதிகம், நாளடைவில் குறையும்.

எனவே குழந்தைக்கென்று புது அலமாரி வாங்குவதைக் காட்டிலும் வீட்டில் உள்ள பழைய மரக்கட்டிலும் மர அலமாரியுமே சிறந்தவை. வாங்கித்தான் ஆகவேண்டுமெனில் முன்கூட்டியே வாங்கி வேறோர் அறையில் காற்றாட வைத்திருத்தல் நலம். எம் பேத்திக்குப் புதுத் தொட்டில் வாங்கித் தர மருமகப் பிள்ளை விரும்பினார். "தம்பி, உங்கள் மாமியார் கிடந்த தேக்குத் தொட்டில் இருக்கிறது, புதியதற்குச் செலவிடும் பணத்தில் சன்னலுக்குக் கம்பிவலை அடித்துத் தாருங்கள்" என்று கூறினோம். மறுக்காமல் அடித்துத் தந்தார்.

துணியும் தூளியும் படுக்கையும்

பாச்சை உருண்டை இட்ட பெட்டியிலிருந்து எடுத்த எந்தத் துணியும் பச்சிளங்குழந்தைக்கு ஆகாது. உதறினால் போகும், வெயிலில் ஒரு நாள் காட்டினால் போகும் என்று எண்ணுதல் தவறு. குழந்தையின் அறையில் உள்ள அலமாரி மட்டுமன்று, அடுத்துள்ள குளியலறைக் கழுவுதொட்டியில் இடும் உருண்டைகளையும் அகற்றிவிடவேண்டும்.

இங்கு ஓர் உண்மையை அறிந்தால் வியப்பீர்கள். துணி அரிக்கும் அந்துப்பூச்சியின் புழு கம்பளியையும் பட்டையும் உண்பது. தூய பருத்தியை உண்பதில்லை. பருத்தியைச் சேதப்படுத்தும் வேறு சில பூச்சிகளும் துணியில் உள்ள கஞ்சிப் பசையையும் அழுக்கையும் நாடியே வருகின்றன. ஆதலின் கஞ்சி போடாமல் துவைத்து, நன்றாக உலர்த்தி, ஈரமில்லாத பெட்டியில் வைத்தால் நூற்புடைவைக்கு உருண்டையே தேவையில்லை. எம் பெட்டியில் இருந்தவை அனைத்தும் நூற்புடைவைகள்! தேவையே இல்லாத காவலுக்குக் கொடுத்த விலை எவ்வளவு பெரியது!

கடையில் வாங்கும் புதுத் துணிகளில் சுருக்கம் விழாதிருக்கச் சில வேதிப்பொருள்களை ஏற்றியிருப்பர். ஆகவே புதுத் துணியை இருமுறை துவைத்து வெயிலில் உலர்த்திய பிறகே குழந்தைக்கு உடுத்தவேண்டும். துவைப்பதற்கு மணமில்லாத சோப்போ பூந்திக்கொட்டையோ போதும். துணிக்கு நறுமணமூட்டும் திரவங்கள் வேண்டா.

படுக்கையைப் பற்றி இரண்டு சொற்கள். இயற்கையானது எல்லாம் இடரற்றது என்று கொள்ளுதல் கூடாது. இலவம்பஞ்சு இயற்கையானதே, ஆயினும் புதையும்படியான மெத்தையில் குழந்தையின் முகம் அமிழ்ந்தால் மூச்சு அடைபடும். குழந்தைக்கு வேண்டியது அழுத்தினால் அமுங்காத, சமமான, மெல்லிய படுக்கை. தலையணை, கடுகுத் தலையணை, பஞ்சுப் பொம்மை ஆகிய எதுவும் உறங்கும் குழந்தையின் அருகில் இருத்தல் ஆகாது. குழந்தையை மல்லாத்தியே கிடத்தவேண்டும். அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டு இவ்வாறு மல்லாத்திக் கிடத்தும் பிரசாரம் தொடங்கிய பிறகு, உறக்கத்தில் நேரும் திடீர் மரணங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன.

தூளியை நாம் எளிதில் கைவிடுவோம் அல்லோம். தாலாட்டுக்கும் தூளிக்கும் உள்ள உறவு அத்தகையது. ஆயினும் தூளியில் குழந்தையின் உடல் வளைந்து தாடை மார்பில் படியும், மூச்சுக்குழல் மடங்கும். ஆதலால் அழும் குழந்தையைக் கண்முன்னே சிறிது நேரம் ஆட்டி அமைதிப்படுத்தத் தூளியைப் பயன்படுத்தலாம். உறங்கியதும் தாயின் அருகே உள்ள தட்டையான தொட்டிலில் மாற்றிக் கிடத்திவிடவேண்டும்.

புகை

நீராட்டிய குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுதல் நம் மூத்தோர் வழக்கம். ஈரத் தலை உலரட்டும் என்பது அதன் நோக்கம். இன்று அந்நோக்கத்தை ஒரு மெல்லிய துண்டே நிறைவேற்றிவிடும். எப்புகையாயினும் நுண்ணிய துகள்களின் தொகுதியே. மணமுள்ள புகை, மணமற்ற புகை என்று நுரையீரல் வேறுபாடு அறியாது. ஊதுவத்தி, கற்பூரம் ஆகியவற்றை வழிபாட்டறையோடு நிறுத்திக்கொள்க. கற்பூரத்தை முடிந்து குழந்தையின் கழுத்தில் கட்டுவதும், கற்பூரம் கலந்த தைலத்தை மார்பில் தடவுவதும் கூடா. அது குழந்தையின் வாய்க்குச் சென்றால் வலிப்பு வரக்கூடும்.

மூடிய அறையில் கரி நெருப்புச் சட்டியை வைத்துக் குளிர் காய்தல் மிகக் கொடிது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாதது. உறங்குவோரை உறக்கத்திலேயே மாய்ப்பது.

பிள்ளை பெற்ற அறையைக் காற்றுப் புகாமல் அடைத்து வைத்தலும் விடவேண்டிய வழக்கம். எதிர் எதிராக உள்ள இரண்டு சன்னல்களைக் காலையிலும் மாலையிலும் திறந்து வைத்தால், எவ்வகை இயந்திரமும் செய்ய இயலாத தூய்மையை வெளிக்காற்று செய்துவிடும். காற்று நேரே குழந்தையின் மேல் வீசாதவாறு தொட்டிலை ஒதுக்கிவைத்தால் போதும்.

கொசுவும் எறும்பும்

இங்குத்தான் பல தாய்மார்கள் எம்மிடம் ஐயம் எழுப்புகின்றனர். "கொசு கடித்தால் டெங்கு வருமே! மருந்து வைக்காமல் எப்படி?" என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வியே.

கொசுவர்த்திச் சுருள் ஒன்று எரிந்து முடிகையில் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்குச் சமம் என 2003ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு கண்டறிந்தது. மின்சாரத்தில் செருகும் திரவத்தில் புகை இல்லை. ஆனால் பூச்சிக்கொல்லியின் ஆவி இரவு முழுதும் அறையில் பரவுகிறது. இவ்விரண்டுக்கும் மாற்று ஒன்று உண்டு, அது கொசுவலை. சதுர அங்குலத்துக்கு 156 கண்கள் உடைய வலையினூடே கொசு நுழைய இயலாது. டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. ஆதலின் பகலுறக்கத்துக்கும் வலை வேண்டும்.

கொல்லாமை போற்றும் நமக்கு இதில் மற்றொரு நன்மையும் உண்டு. பிறந்த உயிரைக் கொல்லும் நிலைக்கு வராமலே, அது வீட்டில் பிறப்பதற்கு இடமில்லாமற் செய்வதே நமக்குரிய வழி. டெங்குக் கொசு தேங்கிய நன்னீரில் முட்டையிடும். முட்டை முழுக் கொசுவாக ஏழு முதல் பத்து நாள்கள் ஆகும். நீரை வடிகட்டிப் பருகும் வழக்கமுடைய நம் இல்லங்களில் குடத்துக்கும் தொட்டிக்கும் வேடு கட்டி மூடுதல் அரிய செயலன்று. மூடிய நீரில் முட்டையில்லை. முட்டை இல்லையேல் கொல்லவேண்டிய கொசுவும் இல்லை. பூந்தொட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, கொல்லையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்க.

எறும்புக்கும் இதுவே முறை. சிந்திய பாலையும் சர்க்கரையையும் அப்பொழுதே துடைத்துவிட்டால் எறும்பு வருவதில்லை. சிலர் எறும்பு வராமலிருக்கத் தொட்டிலைச் சுற்றி மருந்துக் கட்டியால் கோடு இழுக்கின்றனர். அது சுண்ணக்கட்டி போலவே தோன்றும் பூச்சிக்கொல்லி. தவழும் குழந்தை அத்துகளைக் கையால் தொட்டு வாயில் இடும். அது வீட்டிலேயே இருத்தல் கூடாது.

தானிய அறையும் தரையும்

நம்மவரில் பலர் உழவர் குடும்பத்தினர். நெல் மூட்டையும் மணிலாக்கொட்டை மூட்டையும் வீட்டிற்குள்ளேயே அடுக்கப்படுகின்றன. வண்டு விழாதிருக்க மூட்டைகளினிடையே சிலர் வைக்கும் மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு ஆகும். காற்றின் ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் என்னும் கொடிய நச்சு வாயுவை வெளிவிடும். கதவிடுக்கின் வழியே அடுத்த அறைக்கும் அவ்வாயு பரவும். பயிற்சி பெற்றோர் கிடங்குகளில் கையாளவேண்டிய அம்மாத்திரைக்கு மக்கள் வாழும் வீட்டில் இடமே இல்லை. தானியத்தை நன்றாகக் காயவைத்து வேறு கட்டடத்தில் வைத்தலே முறை. வயலுக்கு அடிக்கும் மருந்துக் குப்பிகளும் தெளிப்பானும் அவ்வாறே வீட்டுக்கு வெளியே இருக்கவேண்டும்; மருந்தடித்து வந்தவர் குளித்து உடை மாற்றிய பின்னரே குழந்தையைத் தூக்கவேண்டும்.

தரையைக் கழுவச் சோப்பும் வெந்நீரும் போதும். 1970களில் அமெரிக்க மருத்துவமனைகள் சிலவற்றில் பீனால் வகைக் கிருமிநாசினியை மிகுதியாகப் பயன்படுத்தியபோது பச்சிளங்குழந்தைகளிடையே மஞ்சள் காமாலை பெருகியதை மருத்துவர்கள் கண்டனர். தூய்மை வேண்டும், தூய்மையின் வாசனை வேண்டுவதில்லை.

கால அட்டவணை

ஆறாம் மாதத்துக்குள் சுவர் வேலையும் மரவேலையும் முடிதல் வேண்டும். ஏழாம் மாதத்தில் சன்னலுக்குக் கம்பிவலையும் தொட்டிலுக்குக் கொசுவலையும் அமைக்க. எட்டாம் மாதத்தில் உருண்டைகள், சுருள்கள், தெளிப்பான்கள், மருந்துக் கட்டிகள் ஆகியவற்றை அகற்றுக. ஒன்பதாம் மாதத்தில் துணிகளைத் துவைத்து உலர்த்தித் தூய பெட்டியில் வைக்க. குழந்தை வந்த பிறகு நாள்தோறும் இருவேளை சன்னலைத் திறக்க. ஈரத்துணியால் தரையைத் துடைக்க. வாரம் ஒருமுறை படுக்கையை வெயிலில் காயவைக்க. இவற்றுள் பெருஞ்செலவு பிடிப்பது எதுவும் இல்லை. குழந்தையின் அறையில் நாம் சேர்த்தவை சில, அகற்றியவை பல.

சென்ற வாரம் பேத்தி வந்தாள். அறையின் நடுவில் நின்று மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தாள். "ஒரு வாசனையும் இல்லையே, பாட்டி" என்றாள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாம் கேட்கக் காத்திருந்த சொல் அது. பழைய டிரங்குப் பெட்டி கொல்லைப்புறக் கொட்டகையில் இருக்கிறது. அதனை எறிந்துவிடச் சொல்கின்றனர், நாம் இசையவில்லை. கற்பித்ததை மறந்த ஓர் ஆசிரியைக்கு அது நினைவூட்டும் கரும்பலகையாக இருந்துவிட்டுப் போகட்டும்.

பயிற்சி வினாக்கள்

இவ்வினாக்களைக் குடும்பத்தினர் ஒன்றாக அமர்ந்து விடை காண்க.

1. நம் வீட்டில் பாச்சை உருண்டை எங்கெங்கு உள்ளது? அவ்விடங்களில் உள்ள துணிகளுள் பருத்தித் துணிகள் எத்தனை?

2. நம் வீட்டுக் கதவு சன்னல்களின் வண்ணம் 2017க்கு முற்பட்டதா? எங்கேனும் உதிர்கிறதா?

3. குழந்தை உறங்கும் அறையில் எதிர் எதிராகத் திறக்கும் சன்னல்கள் உள்ளனவா? இல்லையெனில் காற்று வந்து செல்ல என்ன வழி செய்யலாம்?

4. வீட்டைச் சுற்றி மூடாமல் நீர் நிற்கும் இடங்கள் எவை? இன்றே மூடக்கூடியவை எவை?

5. நம் தாய்வழி உறவில் பிறந்த சில நாள்களில் கடும் மஞ்சள் காமாலை கண்ட ஆண் குழந்தைகள் உண்டா? வீட்டில் மூத்த பெண்மணியைக் கேட்டறிக. அறிந்ததை மருத்துவரிடம் கூறுக.